கைமேல் பலன்!

என் உள்ளங்கையை யாராவது தடவிப் பார்த்தால், நான் பி.காம். என்பதை ரேகை பார்க்காமலே சொல்லிவிடலாம். அப்படி ஒரு மெத்து! ஒரு காலத்தில் நடுவிரலின் ஓரத்தில் மட்டும், பால்பாயிண்ட் பேனா அழுத்தி அழுத்தி ஒரு சின்னக் காய்ப்பு இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுவும் கரைந்து போயிற்று. இப்போது மணிக்கட்டுக்கு அடியில், மவுஸ் நகர்த்தும் இடத்தில், ஒரு கறுப்புத் தடம். நம்மைப் போன்ற உழைப்பாளிகளுக்கு அதுதான் விழுப்புண்!

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு தோல் கையுறை பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். தெருவில் கிரிக்கெட் ஆடிய நாளில்கூட எங்கள் டீமில் விக்கெட் கீப்பர் வெறுங்கையோடுதான் நிற்பான். பந்து வந்தால் விலகிக்கொள்வான்.

காரணம், அப்பாவின் ஆள்காட்டி விரல்.

அப்பா தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம். நிலம் என்று பத்திரத்தில்தான் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் சீமைக் கருவேலம்தான். பட்டா எங்கள் பேரில், அனுபோகம் அதன் பேரில்! 2017-ல் மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டு, ஊர் ஊராக வெட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் காட்டிலும் வெட்டினோம். அடுத்த மழைக்கு, வெட்டின கட்டை ஒவ்வொன்றும் நாலு கிளையாகத் துளிர்த்துக்கொண்டு நின்றது. மெக்சிகோ பக்கத்திலிருந்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தியாவுக்கு வந்த விருந்தாளி. வேரோடு பிடுங்கினால் தவிர, கிளம்புகிற உத்தேசம் அதற்கு இல்லை.

ரிடையர் ஆனதும் அப்பா அதன்மேல் கேஸ் போடுகிற மாதிரி அரிவாளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். துணைக்கு மூட்டத்து அண்ணன். (கருவேலங்கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே கனலவிட்டுக் கரி ஆக்குகிற மூட்டம் போடுகிறவர் என்பதால் ஊரில் அந்தப் பெயர்.) அண்ணன் கட்டையை எடுத்துக்கொள்வார், அப்பாவுக்குக் காடு சுத்தமாகும். கணக்கு நேர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அப்பா இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வெட்டும்போது, ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் ஒரு முள் ஏறிவிட்டது. ஊக்கால் நெம்பி எடுத்தார். சுண்ணாம்பு வைத்தார். டீட்டனஸ் ஊசிகூடப் போட்டுக்கொண்டார். ‘முள்ளு குத்தினதுக்கு லீவு போட்டால் சர்வீஸ்ல பாதி நாள் லீவுதான்’ என்று மறுநாளே காட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து விரல் வெண்டைக்காயாக வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வற்றும், நிறுத்தினால் வீங்கும். நாலு மாசம் இப்படியே இழுத்தது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர்தான் சொன்னார்: ‘எக்ஸ்ரேல இரும்பு தெரியும், கண்ணாடி தெரியும். முள்ளு தெரியாதுங்க. ஸ்கேன் பண்ணணும்.’ ஸ்கேன் பண்ணினால், எள்ளில் பாதி அளவுக்கு முள்ளின் துணுக்கு ஒன்று மூட்டுக்குள்ளேயே குடியிருந்தது. ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். வீக்கம் போய்விட்டது. ஆனால் விரல் பாதிக்கு மேல் மடங்குவதில்லை.

இதனால் என்ன நஷ்டம், இடது கைதானே என்பீர்கள். வேட்டியை இறுக்கிச் செருகுவதற்கு இரண்டு ஆள்காட்டி விரலும் வேண்டும் என்பது அப்போதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அறுபத்தோரு வயசு வரைக்கும் இடுப்பில் பெல்ட் கட்டாத மனிதர். இப்போது பச்சை பெல்ட். நான் ஊருக்குப் போயிருந்தபோது, சட்டையை இழுத்து விட்டு அதை மறைத்துக்கொண்டே பேசினார். அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

விரல் ஆறின மறுவாரமே மறுபடி காட்டுக்கு! அம்மா போன் பண்ணினாள்.

“ஏண்டா, பத்திரிகையில எல்லாம் என்னென்னமோ எழுதுறியே... ஒங்கப்பாவுக்கு ஒரு ஒறை வாங்கித் தரத் துப்பில்லையா?”

அம்மா கேட்டால் சரியாகத்தான் கேட்பாள்.

* * *

முதலில் ஆன்லைன். படத்தில் ஒரு வெள்ளைக்காரி ரோஜாச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முள் துளைக்காது, நீர் புகாது, குழந்தைகளுக்கும் ஏற்றது என்று பதினாலு வாக்கியம். வாங்கி அனுப்பினேன். துணியில் ரப்பர் தோய்த்த சமாச்சாரம். சீமைக் கருவேல முள் அதைப் பார்த்து நின்று யோசிக்கக்கூட இல்லையாம். அம்மா இப்போது அதைப் போட்டுக்கொண்டு கழிவுத் தொட்டி கழுவுகிறாள். (அந்த வேலைக்கு ஏ ஒன்!)

இரண்டாவது, எங்கள் ஏரியா ஹார்டுவேர் கடை. “லெதர் க்ளவுஸ் இருக்கா?” என்றேன். பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜோடியை எடுத்துத் தட்டினான் பையன். எனக்குத் தும்மல் வந்தது. சாம்பல் நிறம். இரண்டு பக்கமும் சொரசொரவென்று மொசுமொசுப்பு. மழையில் நனைந்த நாய் மாதிரி ஒரு வாசனை. சைஸ் கேட்டேன். “ஃப்ரீ சைஸ் சார்” என்றான். தொண்ணூறு ரூபாய். சைஸ்தான் ஃப்ரீ!

ஒன்பதாம் நாள் கட்டை விரல் தையல் பிரிந்தது. அதற்குள் அப்பா தன் பங்குக்கு ஒரு காரியம் பண்ணியிருந்தார். வாசனை தாங்காமல் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்து, பங்குனி வெயிலில் கொடியில் காயப்போட்டுவிட்டார். சாயங்காலம் எடுத்தால், அப்பளம். தட்டினால் ‘டக் டக்’ என்றது.

“இதைப் போட்டுக்கிட்டா அருவாளும் பிடிக்க முடியலை, வெத்தலையும் கிள்ள முடியலை. இது கையுறையா, கை விலங்கா?” என்றார் போனில். “எங்க தாத்தன் வெறுங்கையாலதான் வெட்டினாரு.”

“ஒங்க தாத்தா காலத்துல அது நம்ம காட்டுல இல்லப்பா.”

பதில் இல்லை. அப்பாவை நான் வாதத்தில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் போனை வைத்துவிட்டார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

* * *

மூன்றாவது தடவை பாரிமுனைக்குப் போனேன். எர்ரபாலு செட்டி தெருப் பக்கம், போல்ட்டு நட்டு, கயிறு, சங்கிலி, ஹெல்மெட் என்று கடைக்குக் கடை தொங்குகிற சந்து. ஆறடி அகலக் கடை ஒன்றில் ஒரு பெரியவர், சுவர் முழுக்கக் கைகள் தொங்க, நடுவே உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கை, நீலக் கை, காக்கிக் கை. உள்ளே நுழையும்போது ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிக்காரர் மாதிரி எனக்கே ஒரு கூச்சம்.

“லெதர் க்ளவுஸ் வேணும்.”

“என்ன வேலைக்கு?”

“கை வேலைக்குத்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, கை வேலைன்னா? வெல்டிங்கா, கண்ணாடி தூக்கறதா, கல்லு தூக்கறதா, சூடு பிடிக்கறதா? இல்ல, டிரில்லிங் மெஷினா?”

“ஏன், டிரில்லிங் மெஷினுக்குத் தனியா இருக்கா?”

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நடுவிரல் பாதிதான் இருந்தது.

“இருபத்திமூணு வயசுல பட்டறையில வேலை. கை வழுக்கக் கூடாதுன்னு க்ளவுஸ் போட்டுக்கிட்டு டிரில்லிங் மெஷின்ல நின்னேன். அது நுனி பிட்டுல மாட்டிச்சு. வெறுங்கைன்னா தோல் கிழிஞ்சிருக்கும், உதறிக்கிட்டு வந்திருப்பேன். க்ளவுஸ் விடலை. சுத்திக்கிட்டு இழுத்துக்கிட்டே போச்சு. சுத்தற மெஷின் எதுக்கும் க்ளவுஸ் ஆகாது. டிரில்லு, லேத்து, எதுவானாலும் சரி. அதுக்குன்னு கேட்டு வர்றவனுக்கு நான் விக்கறதில்லை.”

கையுறை விற்கிறவர் கையுறையால் விரலைக் கொடுத்திருக்கிறார். கையுறை இல்லாததால் விரலைக் கொடுத்தவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அப்பா கதையைச் சொன்னேன். பெரியவர் கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார். எனக்கும் சேர்த்து!

அடுத்த முக்கால் மணி நேரம் எனக்கு கிளாஸ். காலேஜில் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் எடுத்தவர் இப்படி எடுத்திருந்தால் நான் ஆடிட்டர் ஆகியிருப்பேன்.

முதலில், தோல் என்பது ஒன்றல்ல. மாட்டுத் தோல் தடிமன். அதை மெஷினில் கொடுத்து, ஏடு ஏடாக இரண்டாகவோ மூன்றாகவோ பிளக்கிறார்கள். மயிர் இருந்த மேல் ஏட்டுக்கு கிரெய்ன் என்று பேர். நார் நெருக்கமாக, வழவழப்பாக இருக்கும். அடி ஏட்டுக்கு ஸ்ப்ளிட். இரண்டு பக்கமும் சொரசொரப்பு. தேங்காய்ப் பால் மாதிரி. மேல் ஏடு முதல் பால், அடி ஏடு இரண்டாம் பால். நான் வாங்கின தொண்ணூறு ரூபாய் சரக்கு இரண்டாம் பாலிலும் கடைசிப் பிழிசல்!

ஸ்ப்ளிட்டைக் கேவலமாக நினைக்க வேண்டாம். விலை மலிவு, சொரசொரப்பால் பிடி இருக்கும், தடிமனாக இருந்தால் சூடு தாங்கும். வெல்டிங் பட்டறைகளில் பெரும்பாலும் அதுதான். ஆனால் நார் தளர்வு. அதனால் சீக்கிரம் தேயும், தையல் ஓட்டையில் கிழியும். மடங்காமல் விறைக்கும். நாளெல்லாம் பிடித்துப் பிடித்து விடுகிற வேலைக்கு மேல் ஏடுதான். ஆட்டுத் தோல் இன்னும் மெல்லிசு. ஆனால் மெல்லிசுக்கு அது காட்டுகிற பலம் அதிகம். நுணுக்கமான வெல்டிங் செய்கிறவர்கள் போடுகிற ‘ஆர்கான் க்ளவுஸ்’ பெரும்பாலும் அதுதான்.

“ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?”

“நகத்தால வெளிப்பக்கம் கீறிப் பாருங்க. மேல் ஏடுன்னா ஒரு கோடு விழும், தடவினா பெரும்பாலும் மறையும். அடி ஏடுன்னா மாவு மாதிரி பஞ்சு வரும். சில ஆளுங்க அடி ஏட்டு மேலயே பிளாஸ்டிக் பூசி வழவழன்னு ஆக்கி விப்பான். மடக்கிப் பாருங்க. பூச்சு தனியா சுருங்கும்.”

இரண்டாவது, தையல். தோல் தேய்ந்து கெடுகிற கையுறை குறைவாம். பாதிக்கு மேல் தையலில்தான் போகிறது. அதனால் தேய்கிற இடத்தில் தையல் இருக்கக் கூடாது. உள்ளங்கைப் பக்கம் விரல் அடியிலேயே தையல் வந்தால், நீங்கள் எதைப் பிடித்தாலும் அதன் மேல்தான் பிடிக்கிறீர்கள். விரல் அடித் தையலைப் புறங்கைப் பக்கம் தள்ளி வெட்டியிருந்தால் அது நல்ல வெட்டு. கட்டை விரலும் அப்படியே. கட்டை விரலைத் தனித் துண்டாக வெட்டிச் சாய்வாக வைத்துத் தைத்திருந்தால் கை இயல்பாக மடங்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற கவட்டையில் இன்னொரு துண்டு தோல் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் அங்கேதான் உட்காரும். உள்ளே கையை விட்டு விரல் நுனியில் தையல் மடிப்பு உறுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடையில் லேசாக உறுத்துவது காட்டில் கொப்புளம்!

மூன்றாவது, அளவு. இதில்தான் நான் அசந்து போனேன்.

“அப்பா சைஸ் என்ன?”

“நாப்பத்திரண்டு சட்டை...”

“கை சைஸ் தம்பி!”

உள்ளங்கையின் அகலமான இடத்தில், விரல் முட்டிகளின் மேலே, கட்டை விரலை விட்டுவிட்டு டேப்பைச் சுற்ற வேண்டும். எத்தனை இஞ்ச் வருகிறதோ அதுதான் சைஸ். எட்டு, ஒன்பது, பத்து. சட்டைக்கு, செருப்புக்கு எல்லாம் ஊருக்கு ஒரு நம்பர் வைத்திருக்கிற உலகத்தில், இவ்வளவு நேர்மையான அளவு ஒன்று இருப்பது ஒரு காமர்ஸ் கிராஜுவேட்டுக்கே தெரியாமல் போயிற்றே!

கடையிலிருந்தே போன் போட்டேன். அம்மா தையல் மெஷின் டேப்பை எடுத்து அப்பா கையைச் சுற்றினாள். ஒன்பதே முக்கால். “அப்படியே மூட்டத்து அண்ணனுக்கும் பாரும்மா” என்றேன். அண்ணன் திண்ணையில்தான் இருந்தார். அவருக்குப் பத்து. “எந்தக் கையில பாக்கணும் தம்பி? நான் எடக்கைப் பழக்கம்” என்று பின்னால் குரல் கேட்டது. எந்தக் கையானால் என்ன என்று சொல்லிவிட்டேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

பெரியவர் எனக்கும் அளந்தார். ஏழரை. சிரிக்காதீர்கள், கை அளவைச் சொன்னேன்.

“ரெண்டு பேருக்கும் பத்து போட்டுக்கங்க. விரல் நுனியில கொஞ்சூண்டு இடம் இருந்தா சரி. அரை இஞ்ச் தொங்கினா பெரிசு. முஷ்டி மடக்கினா கவட்டையில இழுத்தா சிறிசு. நல்ல தோல்னா நாலு நாள்ல கைக்கு ஏத்தபடி இளகும். ஆனா நீளம் ஏறாது.”

* * *

பெரியவர் எடுத்துப் போட்ட ஜோடி பதினாலு இஞ்ச் நீளம். உள்ளங்கையும் விரல்களும் மாட்டுத் தோலின் மேல் ஏடு. முழங்கைப் பாதி வரை ஏறுகிற கைப்பகுதி மட்டும் அடி ஏடு. முள்ளுக்கு அந்த நீளம் முக்கியம். கிளை உதறும்போது மணிக்கட்டில்தான் கிழிக்கும். உள்ளே பருத்தித் துணி, வியர்வை குடிக்க. ஜோடி முந்நூற்று எண்பது என்றார். இரண்டு ஜோடி எடுத்ததால் முந்நூற்று ஐம்பது.

கையின் பின்புறம் ஒரு கேடயப் படம். அதற்குள் சுத்தியல். அடியில் 3143X என்று கார் நம்பர் மாதிரி. ஐரோப்பாவின் EN 388... மன்னிக்கவும், தமிழில் எழுதுகிறேன், இ.என். 388 தரக் குறியீடாம். முதல் எண் தேய்மானம், இரண்டாவது கத்தி வெட்டு, மூன்றாவது கிழிசல், நாலாவது குத்து. வெட்டுக்கு மட்டும் அஞ்சு வரை மார்க், மற்றதற்கெல்லாம் நாலு. 2016-ல் திருத்தினபோது கடைசியில் ஒரு எழுத்தும் சேர்த்தார்கள். புது மாதிரி வெட்டுச் சோதனையின் முடிவு அது. எக்ஸ் என்றால், அந்தச் சோதனைக்கு உட்படுத்தவில்லை என்று அர்த்தம். நம் ஊரிலும் தோல் கையுறைக்கு ஐ.எஸ். 6994 என்று ஒரு தரம் இருக்கிறது. தொண்ணூறு ரூபாய்ச் சரக்கில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. என் வயிற்றெரிச்சல் மட்டும்தான் இருந்தது.

“வெட்டுக்கு ஒண்ணுதான் போட்டிருக்கே?”

“தோலு கத்திக்கு நிக்காது தம்பி. அருவா பட்டா அருவாதான் ஜெயிக்கும். தோலு வெட்டுக்கில்ல. தேய்ப்புக்கு, கீறலுக்கு, சூட்டுக்கு.”

“குத்துக்கு மூணு இருக்கே, முள்ளுக்குப் போதுமா?”

அதற்கும் பதில் வைத்திருந்தார். அந்தக் குத்துச் சோதனையில் பயன்படுத்துவது நாலரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, முனை மழுங்கின எஃகுக் கம்பி. மூணு மார்க் என்றால், அந்தக் கம்பியை நூறு நியூட்டன், அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோ பாரத்தால் அழுத்துகிற வரைக்கும் துளைக்கவில்லை என்று பொருள். கருவேல முள்ளின் முனை ஊசி. அதற்கு இந்த மார்க் எல்லாம் தெரியாது! பக்கவாட்டில் கீறுகிற முள்ளையெல்லாம் இந்தத் தோல் தடுத்துவிடும். நேராக ஊன்றி அழுத்தினால் எந்தத் தோலும் உத்தரவாதம் இல்லை. “அதனால அப்பாகிட்ட சொல்லுங்க. க்ளவுஸ் போட்டாச்சுன்னு முள்ளைப் போய்க் கட்டிப் பிடிக்கக் கூடாது. கவைக் கம்பால கிளையைத் தள்ளிப் பிடிக்கணும். க்ளவுஸ் இருக்கறது, மறந்து கை போற நேரத்துக்கு.”

கையுறை விற்கிற மனிதர் கையுறையின் குறையை இவ்வளவு விலாவாரியாகச் சொன்னதற்கே அவரிடம் வாங்கலாம் என்று தோன்றியது. இன்ஷூரன்ஸ் விற்க வருகிற என் நண்பர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்து பாடம் கேட்டதாகத் தெரியவில்லை.

“இதெல்லாம் நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டைச் சரக்கா?” என்று ஊர்ப் பெருமையோடு கேட்டேன். கோடம்பாக்கம் சினிமாவுக்கு என்றால், குரோம்பேட்டை பேரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதானே! அடையாறில் 1948-லிருந்து தோல் ஆராய்ச்சி நிலையம் வேறு இருக்கிறது. ஆவாரம் பட்டையால் பதனிட்டுத் தோலைக் கப்பலேற்றின ஊர் நம்முடையது. பெரியவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். கொல்கத்தா! வேலைக் கையுறை என்றால் அவர்கள்தான் கில்லாடியாம். நம் ஆட்கள் கவனம் எல்லாம் காலில். ஷூ!

கிளம்பும்போது பராமரிப்பு பற்றிக் கேட்டேன். அப்பளக் கதையைச் சொன்னதும் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். நனைந்தால் பிழியக் கூடாது, வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது. விரலை விரித்து நிழலில், காற்றில் ஆறவிட வேண்டும். பாதி காய்ந்ததும் ஒரு தடவை போட்டு மடக்கி விட்டால் விறைக்காது. எப்போதாவது துளி எண்ணெய் தடவலாம். ஆனால் நெருப்பு வேலைக்குப் போடுகிற கையுறையில் எண்ணெய் கூடாது, பற்றிக்கொள்ளும். ஈரக் கையுறையோடு சூடானதைப் பிடிக்கவும் கூடாது. உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கையை அவித்துவிடும்.

இன்னொன்றும் சொன்னார். போட்ட இடத்தில் அரிப்பு, தடிப்பு வந்தால் ‘பழகிடும்’ என்று விட வேண்டாம். குரோமியம் வைத்துப் பதனிட்ட தோல் தரம் கெட்டிருந்தால், அதில் ஆறாம் நிலை குரோமியம் என்று ஒரு முரட்டு ரகம் உண்டாகிவிடும். தோலுக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பாவில் 2015-லிருந்து, உடம்பில் படுகிற தோல் சாமானில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்கவே முடியாது.

* * *

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அப்பா பார்சலைப் பிரித்து, எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு பைலைப் படிக்கிற மாதிரி படித்தார். விலையைக் கேட்டார். முந்நூற்று ஐம்பது என்பதை நூற்றைம்பது என்று சொன்னேன். (பி.காம். படித்தது வேறு எதற்கு?) “நூத்தம்பதா!” என்று அதற்கே அதிர்ந்தார்.

நான் சைஸ் ஏழரை என்பதால் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன். அப்பா இடது கையை நுழைத்தார். அந்த மடங்காத விரல் கையுறைக்குள் பாதியில் நின்றது. வலது கையால் மெல்ல மெல்லத் தள்ளிவிட்டார். நான் உதவப் போனேன். “நீ இரு” என்றார். இரண்டு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் கவைக் கம்பை எடுத்துக் கிளையை ஒதுக்கி, இடது கையால் பிடித்து, வெட்டினார். நிறுத்தினார். வலது கையுறையைக் கழற்றி வரப்பில் வைத்தார். மறுபடி வெட்டினார்.

“ஏம்ப்பா கழட்டிட்டீங்க?”

“அருவாப் பிடி கையில பேசணும்டா. இது பேச விடலை.”

சரிதான். வெட்டுகிற கையில் அரிவாள் வழுக்கினால் முள்ளைவிட அது மோசம். பிடிக்கிற கைக்குத்தான் தோல் வேண்டும். மூட்டத்து அண்ணனும் அதே முடிவுக்கு வந்திருந்தார். எட்டு மாசமாக இப்படியே போகிறது. இடையில் மழை வந்தது. தோல் நனைந்ததாம். நிழலில் காயவைத்தாராம். ஒரு முள்கூட ஏறவில்லை என்று அம்மாதான் சொன்னாள். அப்பா சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போன். அவராகப் போன் பண்ணுவது அபூர்வம். எடுத்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“எடது கை க்ளவுஸு நுனி தேஞ்சிருச்சு. வலது கை கடையில இருந்த மாதிரியே இருக்கு. எடது மட்டும் தனியா விப்பானா அந்தக் கடைக்காரரு?”

“தனியா எப்படிப்பா விப்பாங்க? ஒரு ஜோடி வாங்கி அனுப்பறேன்.”

“வேணாம், வேணாம். நூத்தம்பது ரூவா என்ன மரத்துலயா காய்க்குது? கேளு. மூட்டத்துக்காரன் எடக்கைப் பழக்கம். அவன் அருவா பிடிக்கிறது எடது கையில. முள்ளு பிடிக்கிறது வலது கையில. அவன் வலது தேஞ்சு போச்சு, எடது புதுசு. எனக்கு எடது தேஞ்சு போச்சு, வலது புதுசு. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸு.”

எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. டெபிட் இடது, கிரெடிட் வலது.

“மாத்திக்கிட்டோம்” என்றார் அப்பா. “இன்னும் எட்டு மாசத்துக்கு நீ ஒண்ணும் அனுப்ப வேணாம். ஒங்கம்மா கூப்பிடுறா, இரு, தர்றேன்.”

அம்மா வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நெசமா என்னடா வெலை?”